அப்பாவின் குளிசைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போ

மகன், நீ கொழும்பில் பயிற்சி முடித்து வீடு வர இன்னும் நான்கு நாள் இருக்கிறது. வந்ததும் முகம் கழுவ முன்னமே அப்பாவின் மருந்துக் குளிசைப் பெட்டியைத் திறந்து எண்ணத் தொடங்குவாய். நான் வாய் திறந்தால் "பொறுங்கம்மா, எண்ணுறன்" என்பாய். எண்ணி முடிந்த பிறகு கலியாணப் பேச்சை எடுத்தால் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துக்குக் குறுக்கே நீ பேச முடியாது. உனக்கு எழுதினாலும் நீ மட்டுந்தான் வாசிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கிளினிக் நாட்களில் விடிய வெள்ளண வந்து, வீட்டு வயசாளிகளின் குளிசை உறைகளை மடியில் பரப்பி வைத்துக்கொண்டு, "அக்கா, இதுல எது எதுக்கு?" என்று என்னைக் கேட்கிற பெண்களும் வாசிக்கட்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்.

விசயத்துக்கு வருகிறேன். நீ போன மாதம் மண்டூருக்கு, பெண் வீட்டுக்கு, ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாய். கலியாணம் முடிந்து நீ சுகந்தியின் வீட்டுக்குப் போய் இருக்க மாட்டாயாம், அவள்தான் இங்கே வர வேண்டுமாம். எங்கள் பக்கத்து முறை உனக்குத் தெரியாதது அல்ல. பெண் பிறந்த வீட்டில் பெண் இருப்பாள், மாப்பிள்ளை அங்கே போவான். உன் அப்பா அப்படித்தான் நான் பிறந்த வீட்டுக்கு ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். சுகந்தியின் தகப்பன் அந்த வீட்டை அவளுக்காக யுத்த காலம் முழுக்க ஒவ்வொரு சுவராக எழுப்பியவர். சீமெந்து கிடைக்காத வருசம் நிறுத்தி, கிடைத்த வருசம் தொடர்ந்து, ஓடு போட்டு முடித்தவர். உன் செய்தியைக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு வசனம் சொல்லி அனுப்பினார்: "பூட்டி வைக்கவா நான் இந்த வீட்டைக் கட்டினன்?" அதற்கு நீ பதில் அனுப்பவில்லை. ஆவணியில் நடக்க வேண்டிய கலியாணம் அந்தக் கேள்வியில் நிற்கிறது.

நீ என்னிடம் சொன்ன காரணம் அப்பா. எங்களுக்குப் பெண்பிள்ளை இல்லை, நீ போனால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே. அப்பாவுக்கு எழுபது ஆகப்போகிறது, சீனி வருத்தம், அதனால் வந்த சிறுநீரகப் பழுது, ஒரு நாளைக்கு ஏழு வகைக் குளிசை, காலையில் ஒரு ஊசி. இதெல்லாம் சரி. ஆனால் நீ அடுத்ததாகச் சொன்னது என்னைக் குத்தியது. "அவர நம்பி விட ஏலாதம்மா. முகாமில தானே எடுத்து ரெண்டு மடங்கு போட்டவர். அண்டைக்குச் செத்திருப்பார். மறந்திட்டீங்களா?" என்றாய். அடுத்த அறையில் அப்பா படுத்திருந்தார். அவருக்குக் கேட்டது. மகன், நான் அதை மறக்கவில்லை. உனக்குத் தெரிந்ததைவிட எனக்குத் தெரிந்தது கூட. அதைச் சொல்லாமல் உன்னை இந்த வீட்டை விட்டுப் போகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

சுனாமிக் கடல் வந்த அன்று காலையில் நாங்கள் மூன்று பேரும் உயிர் தப்பியதை நான் இன்றைக்கும் காலையில் விளக்கேற்றும்போது முதலில் சொல்லி வணங்குகிறேன். வீடு போனது. என் சீதன வீடு அது. அதோடு அப்பாவின் கிளினிக் கொப்பி, குளிசை, நான் பத்து வருசமாக அவருடைய மருந்துக் கணக்கை எழுதி வந்த கொப்பிகள் எல்லாம் போயின. பள்ளிக்கூட முகாமுக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வான் வண்டி வந்தது. சீனி வருத்தக்காரர்களைத் தனியாக இருத்தி, கடதாசி உறையில் வெள்ளை வட்டக் குளிசை தந்தார்கள். அது அப்பா வழமையாகப் போடுவதுதான். எனக்கு அப்போது இங்கிலீசு எழுத்து ஒன்றும் தெரியாது. குளிசைகளை நிறத்தாலும் வடிவத்தாலும்தான் கணக்கு வைப்பேன். வெள்ளை வட்டம், நடுவில் கோடு, காலையும் மாலையும். மஞ்சள் நீட்டு, படுக்க முன். அந்தக் கணக்கில் எனக்குப் பெருமை. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸியே மற்றவர்களிடம் "இந்த அம்மாவப் பாத்துப் பழகுங்க" என்று சொல்லியிருக்கிறா. நான்கு நாள் கழித்து வேறு ஊரிலிருந்து இன்னொரு வைத்தியக் குழு வந்தது. அவர்கள் பளபளக்கும் அட்டையில் இளம்பச்சைக் குளிசை கொடுத்தார்கள். நானும் நிவாரண அட்டையின் பின்பக்கத்தில் புதிதாக ஒரு வரி போட்டேன்: பச்சை நீட்டு, காலையும் மாலையும். இரண்டும் ஒரே மருந்து என்று எனக்குத் தோன்றவே இல்லை. நிறம் வேறு என்றால் மருந்தும் வேறு, கூடுதலாகத் தந்தால் கூடுதலாக நல்லது என்று எண்ணினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை. மூன்று உயிரையும் காத்த அம்மனுக்கு உச்சிப்பொழுது வரைக்கும் உண்ணாமல் இருக்க வேண்டும் என்று நேர்ந்திருந்தேன். நான் மட்டும் இருந்திருந்தால் போதும். "நீங்களும் இருங்க, உங்களுக்காகவுந்தானே நேர்ந்தது" என்று அப்பாவையும் கேட்டேன். "பஸ்ஸுக்கு டீசல் அடிக்காமல் ஓடச் சொல்லுறாய்" என்று சிரித்துவிட்டுச் சம்மதித்தார். குளிசையை மட்டும் தவறவிடக் கூடாது என்று வெள்ளையையும் பச்சையையும் வெறும் வயிற்றில் நானே கையில் வைத்துக் கொடுத்தேன். தண்ணீரும் நான்தான் வார்த்தேன். அவர் கேட்டார், "ரெண்டும் போடவா?" என்று. "எழுதிக் கிடக்கு, போடுங்க" என்றேன்.

பத்து மணிக்குப் பிறகு அவர் பேச்சு மாறியது. முப்பது வருசம் கல்முனை வீதியில் பஸ் ஓட்டிய மனிதர், சுவரோடு சாய்ந்து இருந்துகொண்டு, "கல்லாறு இறக்கம்... கல்லாறு ஆள் இருக்கா... இறங்குங்க" என்று கூப்பிடத் தொடங்கினார். அந்த நாட்களில் அந்த முகாமில் யார் ஒழுங்காகப் பேசினார்கள்? ஒரு தாய் வெறும் துணியை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தா. ஒருவர் நாள் முழுக்கக் கடலை ஏசிக்கொண்டிருந்தார். கரையோர ஊர்களின் பெயர்களை அப்பா ஒவ்வொன்றாகக் கூப்பிட, சுற்றியிருந்தவர்கள் அழுதார்கள். போன ஊர்களுக்காகப் புலம்புகிறார் என்று நானும் அழுதேன். திருநீறு பூசினேன். அவர் நெற்றியில் அது ஒட்டவில்லை, நனைந்து வழிந்தது. அதைக் கண்டும் எனக்கு விளங்கவில்லை.

காத்தான்குடியிலிருந்து சோற்றுப் பார்சல் கொண்டுவந்த ஒரு முஸ்லிம் பெண், முகாமில் எல்லாரும் ராத்தா என்று கூப்பிட்டவ, எங்களைத் தாண்டிப் போனவ திரும்பி வந்தா. குனிந்து அப்பாவின் முதுகில் கையை வைத்தா. "மச்சி, இவர்ர சட்டையத் தொட்டுப் பாருங்க. நனைஞ்சி ஊத்துது. இது கடல் பயமில்ல. சீனி எறங்கிட்டு." எனக்குக் கோபம் வந்தது. "சீனி கூடுற வருத்தக்காரர் இவர், எப்பிடி இறங்கும்? ஒரு நேரமும் பிசகாமக் குளிசை குடுக்கிறன்" என்றேன். "அதுதான் மச்சி, குளிசை போட்டுத்தான் எறங்கிற. எங்கட வாப்பாவுக்கும் இப்பிடித்தான். பேசிக்கிட்டு நிக்கிற நேரமா இது? சீனி கொண்டாங்க" என்று அதட்டினா. சீனியைத் தண்ணீரில் குழைத்துக் கன்னத்தின் உட்பக்கம் விரலால் பூசினா. கொஞ்சம் தெளிந்து விழுங்கத் தொடங்கிய பிறகுதான் சீனித் தேத்தண்ணி பருக்கினா. அப்பா கண்ணைத் திறந்து, "ஆர் இவ? புதுக் கண்டக்டரா?" என்றார். ராத்தா சிரித்து விட்டா. என் விரதம் அங்கேயே முடிந்தது. ஆனால் இரண்டு மணித்தியாலம் கழித்து அவருக்குத் திரும்பவும் அதே வியர்வை, அதே கூப்பாடு. ராத்தா வந்த லொறியிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம்.

நீ அன்று கல்லாற்றில் உடல் எடுக்கிறவர்களோடு நின்றாய். பதினெட்டு வயதில் நீ செய்த அந்த வேலையைப் பற்றி நீ ஒரு நாளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. செய்தி கேட்டுச் சேற்றுக் காலோடு வார்டுக்குள் நீ ஓடி வந்தபோது டொக்டர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மிஸ்ஸி உறையையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டிலும் ஒரே பெயர் இருக்கிறது என்று காட்டியிருந்தா. கிளிபென்கிளமைட். "ரெண்டையும் ஆர் குடுத்தது?" வார்டு முழுக்க என்னைப் பார்த்தது மாதிரி இருந்தது. கணக்குக் கொப்பிக்காரி என்று பெயர் எடுத்தவள் நான். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "அவர்தான் டொக்டர், தானே எடுத்துப் போட்டிட்டார். சொன்னாக் கேக்கிற ஆளில்ல." கட்டிலில் சேலைன் ஏறிக்கொண்டிருந்த உன் அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு டொக்டரைப் பார்த்து, "ஓம் டொக்டர். பயத்தில கூடப் போட்டிட்டன்" என்றார். வாசலில் நின்ற நீ அதைக் கேட்டாய். "முப்பது வருசம் பஸ் ஓடின மனிசனுக்கு ரெண்டு குளிசைய எண்ணத் தெரியல்லையா?" என்று அத்தனை பேருக்கு முன்னால் கத்தினாய். அவர் தலையைக் குனிந்தார். நான் பேசவில்லை. ஐந்து வருசம் பேசவில்லை. நீ அவருடைய கைக்கு எட்டாத உயரத்தில் குளிசைப் பெட்டியை வைத்தபோதும் பேசவில்லை. அப்பாவிடம் ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். "விடு. உன்ர பேர் பழுதுபட்டால் எனக்கு ஆர் மருந்து தாறது? என்ர பேர் பழுதாப் போனால் என்ன?" என்றார். இந்தக் கடிதத்தை எழுதப் போகிறேன் என்று சொன்னபோதும் வேண்டாம் என்றுதான் சொன்னார். அவர் சொல்லைக் கேளாமல் எழுதுகிறேன்.

இதை வாசித்துவிட்டு, அப்பாவை நம்பாதது போதாதென்று அம்மாவையும் நம்ப முடியாதே என்று நீ நினைக்கலாம். நினைக்க வேண்டியதுதான். அதனால் அதன் பிறகு நான் என்ன செய்தேன் என்பதையும் முழுக்கக் கேள். அந்தத் தடவைதான் அப்பாவின் சிறுநீரகம் பழுது என்றே தெரிய வந்தது. இரத்தத்தில் கிரியற்றினின் என்ற கழிவு கூடியிருந்தது, சிறுநீரில் புரதம் போனது. நுரை போவதை நான் எத்தனையோ மாதம் பார்த்தவள், சவர்க்கார நுரை என்று தண்ணீர் ஊற்றிக் கழுவியவள். டொக்டர் எனக்கு விளங்கும்படி சொன்னார். நல்ல சிறுநீரகம் என்றால் அந்தக் குளிசையை வேலை முடிந்ததும் வெளியே அனுப்பிவிடும்; பழுதான சிறுநீரகம், அதிலும் வயசுபோன உடம்பு, அனுப்பாது; அது உள்ளே தங்கித் தங்கிச் சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் தேத்தண்ணியில் தெளிந்தவர் திரும்பவும் விழுந்தார். இரண்டு மடங்கும் வெறும் வயிறும் சேர்ந்து ஒரே நாளில் காட்டிக்கொடுத்தது. ஒரு மடங்கே அவருக்கு ஆபத்தாகத்தான் வந்துகொண்டிருந்தது.

முகாமில் பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுத்தபோது நானும் வரிசையில் நின்று ஒன்று வாங்கினேன். கொடுத்தவர் "பிள்ளைக்கு எத்தினை வயசம்மா?" என்று கேட்டார். "நாப்பத்தெட்டு" என்றேன். குளிசை அட்டைகளில் இருந்த எழுத்துகளைத்தான் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினேன். எனக்குத் தெரிந்த முதல் இங்கிலீசுச் சொல் மெற்போமின், இரண்டாவது எனலாப்ரில். உனக்குச் சிரிப்பு வரும், ஆனால் அந்த எழுத்துகள் எனக்குத் தேவாரம் மாதிரி மனத்தில் நின்றன. பெயரின் கடைசித் துண்டைப் பார்த்தாலே அது எந்தக் கூட்டம் என்று தெரிகிறது என்பதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோசம் சொல்லி முடியாது. ப்ரில் என்று முடிவது ஒரு குடி, சாற்றன் என்று முடிவது இன்னொரு குடி. நாங்கள் கலியாணத்துக்குத் தாய்வழிக் குடி விசாரிக்கிற மாதிரி ஒவ்வொரு புதுக் குளிசைக்கும் குடி விசாரித்தேன். ஒரே குடியில் இரண்டு பேர் அப்பாவின் பெட்டிக்குள் வரக் கூடாது.

டொக்டர் மருந்துகளை மாற்றினார். அந்த வெள்ளைக் குளிசையை அடியோடு நிறுத்தினார். மெற்போமினைப் பாதியாக்கி, இரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்துத்தான் தொடர்ந்தார். சீனிக்குச் சின்ன அளவில் ஊசி. சிறுநீரகத்தைக் காக்கவும் பிறஷருக்கும் எனலாப்ரில், அதுவும் ஆகக் குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு கிழமையில் இரத்தம் பார்த்து, கொஞ்சம் கூட்டி, திரும்பவும் பார்த்து. முதல் பரிசோதனையில் கிரியற்றினின் கொஞ்சம் ஏறியிருந்தது. இன்னுமொரு தவறு என்று நினைத்து நிறுத்தவே போனேன். டொக்டர் சொன்னார், "கொஞ்சம் ஏறும் அம்மா, அது பயமில்ல. கூட ஏறினால் நான் நிப்பாட்டுவன். நீங்களா நிப்பாட்டாதீங்க." மூன்றாம் மாதம் வறட்டு இருமல் பிடித்து அப்பா இரவும் பகலும் கொக்குக் கொக்கென்று இருமியபோது அதை விட்டு லோசாற்றனுக்கு மாற்றினார். அதில் பொட்டாசியம் கூடும் என்று சொல்லி இளநீரைக் குறைக்கச் சொன்னார். அப்பாவுக்கு அதுதான் பெரிய துக்கம். "கடல் வீட்டக் கொண்டு போச்சு, டொக்டர் இளநியக் கொண்டு போயிட்டார்" என்று இன்றைக்கும் சொல்லுகிறார்.

எனக்கு ஆகக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. சீனி எண் எவ்வளவு கீழே வருகிறதோ அவ்வளவு நல்லது என்று நான் நினைத்திருந்தேன். கொப்பியில் சின்ன எண் விழுந்த நாளில் சுவாமிக்குப் பூ கூடுதலாக வைப்பேன். அதைப் பார்த்து டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, இவர் இருபத்தஞ்சு வயசுப் பொடியனில்ல. வயசுபோன ஆள், கிட்னியும் பழுது. இறுக்கிப் பிடிச்சால் விழுந்து இடுப்ப முறிப்பார். கொஞ்சம் தளர்த்திப் பிடியுங்க." தளர்த்திப் பிடிக்க நான் பழகவே ஒரு வருசம் ஆனது. கணக்கு வைக்கிறவளுக்கு அது லேசான பாடம் அல்ல. எண்ணைப் பார்க்க முன் மனிதனைப் பார் என்று எனக்கு நானே கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

யுத்தம் திரும்பவும் மூண்டு வீதிகள் பூட்டிய அந்த இரண்டு வருசமும் உனக்கு நினைவிருக்கும். நீ மருந்தாளர் படிப்புக்குப் போயிருந்தாய். கரண்டு இல்லாத நாட்களில் ஊசி மருந்தை ஈர மணல் நிரப்பிய மண்முட்டிக்குள் சின்னப் போத்தலில் இறக்கி வைத்துக் காப்பாற்றினேன். ஒருநாள் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டச் சொன்னார்கள். ஒரு மனிதனுக்கு இத்தனை குளிசையா என்று காவல் நின்ற சிப்பாய்ப் பொடியனுக்குச் சந்தேகம். எனக்கு அவன் பாசை தெரியாது, அவனுக்கு என் பாசை தெரியாது. கொப்பியை விரித்தேன். உறையைக் காட்டி, எழுத்தைக் காட்டி, இங்கிலீசில் ஒவ்வொரு பெயராக உரத்து வாசித்தேன். லோசாற்றன், காலை. மெற்போமின், சாப்பாட்டோடு. வரிசையில் பின்னால் நின்ற அப்பா, "வாசி, வாசி, கடைசி இறக்கம் வரைக்கும் வாசி" என்றார். அவன் கொப்பியை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். பிறகு கொட்டியதெல்லாவற்றையும் தானே பைக்குள் போட்டுத் தந்தான். என் வாழ்நாளில் நான் இங்கிலீசு பேசியது அன்றைக்குத்தான்.

இதற்கெல்லாம் மேலே எனக்குப் பெருமை நீ. தாய் தன் பிள்ளையைப் புகழக் கூடாது என்பார்கள், நான் இந்த ஒரு கடிதத்தில் மட்டும் புகழ்ந்துவிடுகிறேன். நீ ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் நிற்கத் தொடங்கிய முதல் கிழமை, உனக்குத் தெரியாமல் நான் தூர நின்று பார்த்தேன். ஒவ்வொரு உறையிலும் நீ தமிழில் எழுதினாய். சிங்களக் கிழவருக்கு அவர் பாசையில் எழுதினாய். எழுத்துத் தெரியாதவருக்குச் சூரியனையும் சந்திரனையும் கீறினாய். ஒரு கிழவி முழங்கால் நோவுக்குக் கடையில் வாங்கின குளிசையை மடியிலிருந்து எடுத்துக் காட்ட, நீ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஆச்சி, இது முழங்காலுக்கு நல்லம், கிட்னிக்கு நஞ்சு. முழங்காலா கிட்னியா, எது வேணும்?" என்று கேட்டாய். "ரெண்டும் வேணும் மனே" என்றா அவ. "அப்ப இதத் தாங்க, வேற தாறன்" என்று நீ மாற்றிக் கொடுத்தாய். நீ லீவு எடுத்த நாளில் அந்த ஜன்னலுக்கு வந்த வயசாளிகள் "தம்பி இல்லையா? அப்ப நாளைக்கு வாறம்" என்று திரும்பிப் போனதை நான் கண்ணால் கண்டேன். கல்லாற்றில் செத்தவர்களைத் தூக்கின கை இன்றைக்கு உயிரோடு இருக்கிறவர்களுக்குக் குளிசை எண்ணிக் கொடுக்கிறது. நான் வேறு என்ன வரம் கேட்பேன்?

இனி நீ அறியாத ஒன்று. நீ கொழும்புக்குப் போன இரண்டாம் கிழமை அப்பாவுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் பிடித்தது. முதல் நாள் மீன் கறியை நான் வேண்டாம் என்று சொல்லவும் கேளாமல் ஊற்றிச் சாப்பிட்டவர். விடிய எழும்பும்போது நாக்கு வறண்டு கிடந்தது. போன் கையில் இருந்தது. உன் இலக்கத்தை எடுத்துவிட்டுத் திரும்பவும் வைத்தேன். இவன் நாளைக்கு மண்டூரில் இருந்தாலும் வாவியில் பாதைப் படகு கடந்து வர நேரம் எடுக்கும், நான் என்ன செய்வேன் என்று பார்ப்போம் என்று நினைத்தேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். உடம்பில் தண்ணீர் வற்றுகிற நாளில் எதை நிறுத்த வேண்டும் என்று நீ சொல்ல நான் எழுதியது. லோசாற்றன், சிறுநீர் போக்கும் நீர்க் குளிசை, மெற்போமின் மூன்றையும் எடுத்துப் புறம்பாக வைத்தேன். விரலில் குத்திச் சீனி பார்த்தேன். ஓட்டத்துக்குக் கொடுக்கிற உப்புக் கரைசலைக் கரைத்துக் கரண்டி கரண்டியாகப் பருக்கினேன். அந்த நிலையிலும் உன் அப்பா கையை நீட்டி, "கண்டக்டரம்மா, இண்டைக்கு மூண்டு டிக்கட் குறையுதே" என்றார். "அவங்க மூண்டு பேரும் லீவு. நீங்க வாய மூடிக்கொண்டு குடியுங்க" என்றேன். ஊசியைத் துணிந்து கூட்டவும் குறைக்கவும் இல்லை. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டரிடம் கேட்டேன்.

புது டொக்டர், இளம் பெண். கொப்பியைப் பார்த்துவிட்டு, "மூண்டையும் ஆர் நிப்பாட்டினது?" என்று கேட்டா. அதே வார்டு, மகன். அதே மாதிரிக் கேள்வி. "நான்தான் டொக்டர்" என்றேன். பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கட்டும் என்று உரத்துத்தான் சொன்னேன். "நீங்க மிஸ்ஸியா இருந்தீங்களா?" "இல்ல. வீட்டிலதான்." அவ இரத்தம் எடுத்து அனுப்பினா. சிறுநீரகத்தின் எண் கொஞ்சம்தான் அசைந்திருந்தது. அந்த மூன்றையும் வழமை போலக் கொடுத்திருந்தால் இந்த வயதில் மொத்தமாகவே படுத்திருக்கலாம் என்றா. சேலைன் ஏற்றி, இரண்டாம் நாள் வீட்டுக்கு விட்டா. நன்றாகச் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி ஒரு நாள் போன பிறகு மூன்றையும் திரும்பத் தொடங்கச் சொன்னா. தொடங்கிவிட்டேன். வருகிற கிழமை திரும்பவும் இரத்தம் பார்க்க வேண்டும், திகதி கொப்பியில் இருக்கிறது. வீடு வந்த அன்று நீ போனில், "அப்பா குளிசை ஒழுங்காப் போடுறாரா?" என்று கேட்டாய். போடுகிறார் என்றேன். அது பொய் இல்லை.

நேற்று நானும் அப்பாவும் குருமண்வெளியில் பாதைப் படகு ஏறி மண்டூருக்குப் போனோம். முதலில் கந்தசுவாமியைக் கும்பிட்டோம், பிறகு சுகந்தி வீட்டுக்கு. உன் சார்பில் பேசப் போனவள், வாசலிலேயே சம்பந்தியின் காலைப் பார்த்து நின்றுவிட்டேன். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தது. "என்ன சம்பந்தி, கால் இப்பிடி?" என்றேன். "வயல் வட்டைக்குள்ள நிண்டு நிண்டு வந்தது. அது ஒண்டுமில்ல" என்று சாரத்தை இறக்கி மூடினார். நான் விடவில்லை. பெருவிரலால் அழுத்தினேன். பதிந்த குழி அப்படியே கிடந்தது. சுகந்தியின் தாய் தலையைத் திருப்பிக்கொண்டா. பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அவருக்கும் ஆறு வருசமாகச் சீனி. பெண் கொடுக்கிற நேரத்தில் வருத்தம் வெளியே தெரிய வேண்டாம் என்று மறைத்து, நம் ஊர்க்காரர் கண்டுவிடுவார்கள் என்று கிளினிக்குக்கும் வராமல் நின்றிருக்கிறார். முதுகு நோவுக்குக் கடைக் குளிசை, ஒரு நாளைக்கு இரண்டு. உன் அப்பா அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து, "சம்பந்தி, நானும் ஒருக்கா முழங்கால் நோவுக்கு அதுதான் விழுங்கினன். இப்ப என்னைப் பாருங்க, இளநி குடிக்க டொக்டரிட்ட உத்தரவு கேக்கிற மனிசன்" என்றார். சம்பந்தி சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார். அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

சுகந்தி படகுத் துறை வரைக்கும் எங்களோடு நடந்து வந்தாள். "மாமி, அப்பாக்கு நுரையாப் போகுது. நான் கண்டு ரெண்டு மாசம். ஆரிட்டச் சொல்லுற எண்டு தெரியல்ல. உங்கட மகனிட்டச் சொல்ல வெக்கமா இருந்திச்சு. அவர் வரமாட்டன் எண்டு சொன்ன பிறகு என்னெண்டு சொல்லுற?" என்றாள். நுரையைக் கண்டதும் அது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, மகன். எனக்கு நாற்பத்தெட்டு வயதிலும் தெரியவில்லை.

இந்த வீட்டில் ஒரு சிறுநீரகம் இருக்கிறது, அதைப் பார்க்க நான் இருக்கிறேன். அந்த வீட்டில் ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்க இன்னும் ஆள் இல்லை. உன் அப்பாவிடம் நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அது என்ன என்று நான் எழுதித் தர மாட்டேன். ஆவணியில் கலியாணம், நீ அந்த வீட்டுக்குப் போய் இருப்பாய் என்று நேற்றே நாங்கள் வாய் கொடுத்துவிட்டோம். புதன்கிழமை சுகந்தி தன் தகப்பனைக் கிளினிக்குக்குக் கூட்டி வருகிறாள். அதற்கு முன் அந்த நோவுக் குளிசையை நிறுத்தச் சொல்ல வேண்டும், அவர் தன் பெண்ணின் சொல்லைக் கேட்க மாட்டார், மாப்பிள்ளை சொன்னால் கேட்பார். இதை வாசித்து முடித்ததும் போனை எடு. எனக்கு எடுக்க வேண்டாம். அவளுக்கு எடு.